‘கோப்பு இல்லை’ என்று எழுதும் முன்: வடசென்னைப் பொதுத் தகவல் அலுவலர்களுக்கு ஒரு திறந்த மடல்

பெறுநர்: திருவொற்றியூர், மணலி, மாதவரம், தண்டையார்பேட்டை, ராயபுரம், திரு.வி.க. நகர் ஆகிய மாநகராட்சி மண்டல அலுவலகங்கள், வட்டாட்சியர் அலுவலகங்கள், குடிநீர் வாரியப் பகுதி அலுவலகங்கள், மாசுக் கட்டுப்பாட்டு வாரியம், நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம், மின்வாரியம் ஆகியவற்றின் பொதுத் தகவல் அலுவலர்களும் மேல்முறையீட்டு அலுவலர்களும்.

மதிப்பிற்குரிய அலுவலர்களே, வணக்கம்.

தகவல் பெறும் உரிமைச் சட்டம் முழுமையாக நடைமுறைக்கு வந்தது 2005 அக்டோபர் 12இல். இருபது ஆண்டுகள் ஓடிவிட்டன. இன்றும் கொருக்குப்பேட்டையிலிருந்தோ எர்ணாவூரிலிருந்தோ ஒருவர் பத்து ரூபாய் கோர்ட் ஸ்டாம்ப் ஒட்டி மனுப் போட்டால், அடிக்கடி கைக்கு வருவது ஒற்றை வரிப் பதில்தான்: “தாங்கள் கோரிய தகவல் இவ்வலுவலகத்தில் இல்லை.” எங்கே தேடினார்கள், யார் தேடினார்கள், அந்தக் கோப்பு ஒருகாலத்தில் இருந்ததா, இருந்தால் எங்கே போயிற்று என்று ஒன்றுமே அதில் இருக்காது.

உங்களிடம் நாங்கள் கேட்பது ஒன்றே ஒன்று. கோப்பு இல்லாவிட்டால் இல்லை என்றே எழுதுங்கள். ஆனால் எந்தப் பதிவேட்டைப் பார்த்துவிட்டு அப்படி எழுதுகிறீர்கள் என்பதையும் சேர்த்து எழுதுங்கள். கூடுதலாக நாலைந்து வரிதான் ஆகும். மனுவை முதல் மேல்முறையீட்டுக்கும் மாநிலத் தகவல் ஆணையத்துக்கும் போகவிடாமல் நிறுத்தக்கூடியவை அந்த நாலைந்து வரிதான்.

வடசென்னையில் இதை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறோம் என்றால், இங்கே ஆவணங்கள் இடம் மாறிக்கொண்டே இருந்திருக்கின்றன. திருவொற்றியூர், கத்திவாக்கம், மணலி, மாதவரம் எல்லாம் தனித்தனி நகராட்சிகளாக இருந்து 2011இல் மாநகராட்சியோடு சேர்ந்தவை. 2018இல் சென்னை மாவட்டம் விரிந்தபோது திருவொற்றியூர், மாதவரம் வட்டங்கள் திருவள்ளூர் மாவட்டத்திலிருந்து இந்தப் பக்கம் வந்தன. குடிசை மாற்று வாரியம் 2021இல் பெயர் மாறியது. மின்வாரிய நிறுவனம் 2024இல் உற்பத்தி, பகிர்மானம், பசுமை ஆற்றல் என்று பிரிந்தது. ஒவ்வொரு மாற்றத்திலும் கோப்புகள் மூட்டையாகக் கட்டி வண்டியில் ஏறின. சில பழைய கட்டடத்திலேயே தங்கிவிட்டன. எந்த மூட்டையில் என்ன இருந்தது என்ற ஒப்படைப்புப் பட்டியல் கையில் இல்லாத அலுவலகத்தில் 2009ஆம் ஆண்டுக் கட்டட அனுமதியைக் கேட்டால், அங்கே இருக்கும் எழுத்தருக்கு உண்மையாகவே தெரியாது. ஆனால் தனக்குத் தெரியாததும் அரசிடமே இல்லாததும் ஒன்றல்ல. பழைய நகராட்சியின் ஒப்படைப்புப் பட்டியல் எங்கே என்று தேடுவதிலிருந்துதான் உங்கள் வேலை தொடங்குகிறது.

இன்னொன்றும் உண்டு. மாநகராட்சி மன்றத்தின் பதவிக்காலம் 2016 அக்டோபரில் முடிந்தது. அடுத்த தேர்தல் 2022 பிப்ரவரியில்தான் நடந்தது. இடைப்பட்ட காலத்தில் மன்றத்தின் அதிகாரம் தனி அலுவலரிடம் இருந்தது. 2018இல் நடந்த ஒரு பணிக்கு ‘மன்றத் தீர்மான நகல்’ கேட்டு ஒருவர் மனுப் போடுகிறார். ‘அவ்வாறான தீர்மானம் ஏதும் இல்லை’ என்று பதில் போகிறது. எழுத்துப்படி அது சரிதான். ஆனால் அந்தப் பணிக்கான ஒப்புதல் தனி அலுவலரின் தீர்மானத்தில் இருக்கிறது என்பது உங்கள் பிரிவில் எல்லாருக்கும் தெரியும், மனுதாரருக்குத் தெரியாது. மனுதாரருக்கு நியாயமான உதவி செய்ய வேண்டும் என்று பிரிவு 5(3) சொல்வது இந்த மாதிரி இடத்துக்குத்தான்.

இனிக் கோப்புக்கு வருவோம். ஒரு தபால் உள்ளே வந்தால் அதற்கு ந.க. எண் என்ற வரிசை எண் விழும். பிரிவு எழுத்தரின் தன்பதிவேட்டில் ஏறும். முடிக்கும்போது அது ஓ.மு.வா, மூ.மு.வா, ப.மு.வா, நி.மு.வா என்று முத்திரை விழும்: ஓராண்டு, மூன்றாண்டு, பத்தாண்டு, நிரந்தரம். பிறகு பதிவறைக்குப் போகும். கெடு முடிந்ததை அழித்தால் அழிப்புப் பதிவேட்டில் ஏற வேண்டும். வருவாய்த் துறையில் இருப்பவர்களுக்கு நாங்கள் சொல்லித்தர வேண்டியதில்லை. மாவட்ட அலுவலக நடைமுறை நூல் உங்களிடம்தான் இருக்கிறது. ஆக, ஒரு கோப்பு கையில் அகப்படாவிட்டாலும் அது பிறந்ததற்கும் முடிந்ததற்கும் தடயம் வேறு ஒரு பதிவேட்டில் இருந்தே ஆக வேண்டும். கோப்பைத் தேடும் முன் தன்பதிவேட்டைத் தேடுங்கள்.

அப்படித் தேடினால் நான்கில் ஒன்று தெரியவரும். அந்த ஆவணம் உருவாகவே இல்லை. அல்லது விதிப்படி அழிக்கப்பட்டது. அல்லது வேறு அலுவலகத்தில் இருக்கிறது. அல்லது இருந்திருக்க வேண்டியது, காணவில்லை. நான்குக்கும் ஒரே பதிலை எழுதுவதுதான் எல்லாச் சிக்கலுக்கும் தொடக்கம். விதிப்படி அழிக்கப்பட்ட கோப்புக்கு இப்படிப் பதில் எழுதலாம்:

“தாங்கள் கோரிய கோப்பு, இவ்வலுவலகத் தன்பதிவேட்டில் (ஆண்டு, ந.க. எண்) பதிவாகியுள்ளது. (தேதி) அன்று மூ.மு. ஆக முடிக்கப்பட்டுப் பதிவறைக்கு அனுப்பப்பட்டது. காப்புக் காலம் முடிந்தபின் (தேதி) அன்று அழிக்கப்பட்டது. அழிப்புப் பதிவேட்டின் தொடர்புடைய பக்கத்தின் சான்றிட்ட நகல் இணைக்கப்பட்டுள்ளது.”

இதை வாங்கிய மனுதாரர் பெரும்பாலும் மேலே போகமாட்டார். போனாலும் ஆணையத்தில் உங்கள் மீது குற்றம் நிற்காது. ஆனால் ஒரு எச்சரிக்கை: மனு வந்த பிறகு அதில் கேட்கப்பட்ட கோப்பை அழிப்பது, காப்புக் காலம் முடிந்திருந்தாலும், பிரிவு 20இல் அபராதத்துக்குரிய காரணமாகவே சொல்லப்பட்டிருக்கிறது. மனு வந்த அன்றே அந்த எண்ணைப் பதிவறைக்கு எழுதி, ‘அழிக்க வேண்டாம்’ என்று நிறுத்திவைக்க வேண்டும்.

காணாமல்போன கோப்புதான் கடினமானது. ‘கோப்பு கிடைக்கவில்லை’ என்பது பிரிவு 8இல் உள்ள விலக்குகளில் ஒன்று அல்ல. தில்லி உயர் நீதிமன்றம் 2013இல் விஷ்வாஸ் பாம்பூர்கர் வழக்கில் இதைத் தெளிவாகவே சொல்லிவிட்டது: முழுமையாகத் தேட வேண்டும், கிடைக்காவிட்டால் யார் பொறுப்பு என்று விசாரித்து நடவடிக்கை எடுக்க வேண்டும். அதைவிட மனுதாரருக்குப் பயன்படுவது, கோப்பை மீண்டும் திரட்டுவது. ஒரு மழைநீர் வடிகால் பணியையே எடுத்துக்கொள்ளுங்கள். பணியின் அளவுகளைக் குறித்துவைக்கும் அளவுப் புத்தகமான எம்-புக் காணவில்லை என்று எழுதிவிடுகிறீர்கள். எம்-புக் தனியாகப் பிறந்து தனியாகச் சாகிற புத்தகம் அல்ல. அதற்கு எண் உண்டு, அந்த எண் வழங்கல் பதிவேட்டில் இருக்கும். அதிலிருந்து எடுத்த அளவுகள் பட்டியலில் (பில்) ஏறியிருக்கும். பட்டியல் கணக்குப் பிரிவுக்குப் போய், பணம் கொடுத்த செலவுச் சீட்டோடு நிற்கும். மதிப்பீடும் தொழில்நுட்ப ஒப்புதலும் செயற்பொறியாளர் அலுவலகத்தில் இருக்கும். பெரிய பணி என்றால் ரிப்பன் மாளிகையிலும் ஒரு படி இருக்கும். ஒப்பந்தக்காரரின் பிணை வைப்புத்தொகையைத் திருப்பிக் கொடுத்திருந்தால், பணி முடிந்த தேதி அந்தக் குறிப்பில் இருக்கும். எம்-புக் இல்லாவிட்டாலும் இவற்றை நகலெடுத்துக் கொடுத்தால், தெருவில் எத்தனை மீட்டர் வடிகால் போட்டதாகக் கணக்கு இருக்கிறது என்பது தெரிந்துவிடும். மனுதாரருக்கு வேண்டியது அதுதான்.

கொசஸ்தலையாறு வடிநிலத் திட்டம் போல ஆசிய வளர்ச்சி வங்கிக் கடனில் நடக்கும் பணிகளில் இது இன்னும் முக்கியம். அங்கே தரச் சோதனை அறிக்கைகள் தனிக் கோப்பாக இருக்கும். ‘பணிக் கோப்பு’ என்று பொதுவாகக் கேட்ட மனுவுக்கு அவற்றைச் சேர்க்காமல் விட்டுவிடுகிறார்கள். பிரிவு 2(ஜே) பணியை நேரில் பார்வையிடவும், பயன்படுத்திய பொருளின் சான்றிட்ட மாதிரியை எடுக்கவும் உரிமை தருகிறது. மாதிரி கேட்டு மனு வந்தால் திகைத்து மறுக்காதீர்கள். உதவிப் பொறியாளர் முன்னிலையில் நாள் குறித்து, எடுத்து, முத்திரையிட்டுக் கொடுக்கலாம்.

அடுத்து, வேறு அலுவலகத்தில் இருக்கிறது என்ற நிலை. பிரிவு 6(3)இன்படி மனுவை ஐந்து நாளுக்குள் உரிய அலுவலகத்துக்கு மாற்றி, மனுதாரருக்கும் தெரிவிக்க வேண்டும். இங்கே தெருவில் தண்ணீர் நின்றால் அது யார் தண்ணீர் என்பதே வழக்கு. மழைநீர் வடிகால் மாநகராட்சி. கழிவுநீர்க் குழாய் குடிநீர் வாரியம். பகிங்காம் கால்வாய் நீர்வளத் துறை. மூன்றும் கலந்து நிற்கிற இடத்தைப் பற்றி ஒருவர் கேட்டால், இருபத்தெட்டாம் நாள் ‘இது எங்களுக்குரியதல்ல’ என்று திருப்பி அனுப்புவதைச் சட்டம் அனுமதிக்கவில்லை. உங்கள் பகுதிக்கு நீங்கள் பதில் கொடுங்கள், மீதியைப் பகுதி பகுதியாக ஐந்து நாளுக்குள் மாற்றுங்கள். மாற்றல் கடிதத்தில் வெறுமனே ‘தொடர்புடைய அலுவலர்’ என்று போடாமல், பதவியையும் முகவரியையும் எழுதுங்கள். இல்லையென்றால் அந்தக் காகிதம் அங்கேயும் மேசை மேசையாகச் சுற்றும்.

மனு எழுதுவோருக்கும் இங்கே ஒரு வார்த்தை. சென்னைத் துறைமுகம், எண்ணூர் காமராசர் துறைமுகம், ரயில்வே ஆகியவை மத்திய அரசின் கீழ் வருபவை. அவற்றுக்கு கோர்ட் ஸ்டாம்ப் செல்லாது, போஸ்டல் ஆர்டர் போன்ற வேறு வடிவில் கட்ட வேண்டும். இரண்டாம் மேல்முறையீடும் தில்லியில் உள்ள மத்தியத் தகவல் ஆணையத்துக்குத்தான் போகும். மனு எந்த அலுவலகத்துக்கு, கட்டணம் எந்த வடிவில் என்று ஒவ்வொரு தபால் பிரிவிலும் ஒரு பலகை தொங்கினால் இந்தக் குழப்பம் பாதி தீரும்.

கட்டணக் கடிதங்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். ‘உரிய கட்டணம் செலுத்தி நகல் பெற்றுக்கொள்ளவும்’ என்பது பிரிவு 7(3) கேட்கும் கடிதம் அல்ல. எத்தனை பக்கம், பக்கத்துக்கு இரண்டு ரூபாய் வீதம் எவ்வளவு, யார் பெயரில், எங்கே கட்டுவது, இதை மறுபரிசீலனை செய்யக் கேட்க யாரிடம் போவது என்று எல்லாம் அதில் இருக்க வேண்டும். அந்தக் கடிதம் புறப்பட்டதிலிருந்து பணம் கட்டும்வரை உள்ள நாட்கள் முப்பதில் சேராது. அது உங்களுக்குச் சாதகம். ஆனால் முப்பது நாள் தாண்டியபின் கட்டணம் கேட்கவே முடியாது. பிரிவு 7(6)இன்படி இலவசமாகத்தான் கொடுக்க வேண்டும். இங்கேதான் உறையைப் பார்க்கச் சொல்கிறோம். கடிதத்தின் மேல் இருபத்தொன்பதாம் நாள் தேதி இருக்கும். உறையில் அஞ்சல் முத்திரை அதற்கு இரண்டு வாரம் பின்னால் விழுந்திருக்கும். கையெழுத்தான கடிதம் அனுப்புகைப் பிரிவில் தபால்தலைக்காகக் காத்துக் கிடந்திருக்கும். மேல்முறையீட்டில் மனுதாரர் உறையையும் சேர்த்து வைக்கிறார் என்பதை நினைவில் வையுங்கள். கையெழுத்துத் தேதியும் அனுப்பிய தேதியும் ஒன்றாக இருக்கும்படி அனுப்புகைப் பிரிவை ஒழுங்குபடுத்துவது உங்கள் கையில்தான் இருக்கிறது.

இனி மறுப்புகள். 2023இல் வந்த தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், தனிப்பட்ட தகவலுக்கு விலக்குத் தரும் பிரிவு 8(1)(ஜே)யில் இருந்த நிபந்தனைகளை நீக்கிச் சுருக்கியது. அந்தத் திருத்தம் 2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்தது. அதன்பின் ஒருவர் பெயர் இருக்கும் காகிதம் என்றாலே ‘தனிப்பட்ட தகவல்’ என்று மறுக்கும் பழக்கம் வேரூன்றிவிடுமோ என்று அஞ்சுகிறோம். வாழ்விட மேம்பாட்டு வாரியக் குடியிருப்பில் வீடு யார் யாருக்கு ஒதுக்கப்பட்டது, புயல் நிவாரணம் எந்தத் தெருவில் யாருக்கு விடுபட்டது என்பவை பொதுப் பணத்தின் கணக்கு. மானியத் திட்டங்கள் செயல்படுத்தப்படும் விதத்தையும் பயனாளிகளையும், சலுகைகளும் அனுமதிகளும் பெற்றவர்களின் விவரத்தையும் நீங்களாகவே வெளியிட வேண்டும் என்று பிரிவு 4(1)(பி) இன்றும் சொல்கிறது. பொதுநலன் பெரிதாக இருந்தால் கொடுக்கலாம் என்ற பிரிவு 8(2) அப்படியே இருக்கிறது. பிரிவு 10 இருக்கிறது: ஆதார் எண், வங்கிக் கணக்கு, கைபேசி எண் ஆகியவற்றை மறைத்துவிட்டு மீதியைக் கொடுங்கள். முழுப் பட்டியலையும் மறுக்கிறவர், இந்த மூன்று பிரிவுகளையும் ஏன் பயன்படுத்தவில்லை என்று அதே கடிதத்தில் எழுத வேண்டும்.

மாசுக் கட்டுப்பாட்டு வாரிய அலுவலர்களுக்குத் தனியாக. 2023 டிசம்பரில் மழைவெள்ளத்தோடு எண்ணெய் எண்ணூர் கழிமுகத்தில் படர்ந்தது. அதே மாதம் 26ஆம் தேதி இரவு பெரியகுப்பத்தில் அமோனியா வாயு கசிந்து மக்கள் மூச்சுத் திணறி வீட்டை விட்டு ஓடினார்கள். இப்படிப்பட்ட ஊரில் ஓர் ஆலையின் இசைவாணை, ஆய்வு அறிக்கை, விளக்கம் கேட்ட அறிவிப்பு ஆகியவற்றைக் கேட்டால், ஆலைக்குக் கடிதம் எழுதி, ‘மூன்றாம் தரப்பு ஆட்சேபித்ததால் மறுக்கப்படுகிறது’ என்று முடிப்பது முறையல்ல. பிரிவு 11, மூன்றாம் தரப்பைப் பற்றியதாகவோ அது கொடுத்ததாகவோ இருந்து, அது இரகசியமாகக் கருதிவந்த தகவலுக்கு மட்டுமே பொருந்தும். நீங்கள் பிறப்பித்த ஆணையும் நீங்கள் எழுதிய ஆய்வு அறிக்கையும் உங்கள் ஆவணங்கள். பிரிவு 11 பொருந்துகிற இடத்திலும் மனு வந்த ஐந்து நாளில் அறிவிப்பு, பதில் சொல்லப் பத்து நாள், நாற்பது நாளுக்குள் உங்கள் முடிவு என்பதுதான் வரிசை. முடிவு உங்களுடையது. ஆலையின் ஆட்சேபம் அதில் பரிசீலிக்க வேண்டிய ஒன்று மட்டுமே. ‘விசாரணை நடக்கிறது’ என்ற காரணமும் தனியாக நிற்காது. தகவலைக் கொடுப்பது விசாரணையை எப்படித் தடுக்கும் என்று காட்ட வேண்டும் என தில்லி உயர் நீதிமன்றம் பகத் சிங் வழக்கில் 2007லேயே தீர்ப்பளித்திருக்கிறது.

சில சிறிய விஷயங்களைச் சட்டென்று சொல்லிவிடுகிறோம். எதற்காகக் கேட்கிறீர்கள் என்று கேட்கக்கூடாது. பிரிவு 6(2) அதைத் தடுக்கிறது. 2014 செப்டம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் காரணம் சொல்ல வேண்டும் என்று ஒரு தீர்ப்பில் எழுதியது. சில நாளிலேயே தானாக முன்வந்து அந்தப் பகுதியை நீக்கியும்விட்டது. நீக்கப்பட்டதை இன்னும் மேற்கோள் காட்டாதீர்கள். பதிவுகள் அதிகம் என்பதும் மறுக்கக் காரணமல்ல. பிரிவு 7(9) கொடுக்கும் வடிவத்தை மாற்றத்தான் இடம் தருகிறது. அப்போது நேரில் பார்வையிட நாள் கொடுங்கள், முதல் ஒரு மணி நேரத்துக்குக் கட்டணமில்லை. பார்வைக்கு வைக்கும் முன் கோப்பின் எல்லாத் தாளிலும் பக்க எண் போட்டு, கடைசி எண்ணைக் குறித்துக் கையெழுத்திடுங்கள். அது மனுதாரருக்கும் உங்களுக்கும் பாதுகாப்பு.

பொதுத் தகவல் அலுவலர் பொறுப்பு உங்களுக்குக் கூடுதல் சுமை என்பதை அறிவோம். கோப்பு வேறொருவரிடம், அபராதம் உங்கள் சம்பளத்தில். நாளொன்றுக்கு 250 ரூபாய், அதிகபட்சம் 25,000. இதற்குச் சட்டத்திலேயே காப்பு இருக்கிறது, பலரும் பயன்படுத்துவதில்லை. பிரிவு 5(4)இன்கீழ் எந்த அலுவலரிடமும் எழுத்தில் உதவி கேட்கலாம். கேட்டபின் அவர் தராவிட்டால், 5(5)இன்படி அவரே பொதுத் தகவல் அலுவலராகக் கருதப்படுவார். வாய்மொழியாகக் கேட்டுவிட்டுக் காத்திருக்காதீர்கள். மனு வந்த இரண்டாம் மூன்றாம் நாளே பிரிவு எண்ணைக் குறிப்பிட்டு, தேதி போட்டு, ஒப்புதல் வாங்கிக் குறிப்பு அனுப்புங்கள். பத்தாம் நாள் ஒரு நினைவூட்டு. பன்னிரண்டு, பதினைந்து நாளுக்குள் கட்டணக் கடிதம் போய்விட்டால் மீதி வேலைக்கு நேரம் இருக்கும்.

மேல்முறையீட்டு அலுவலர்களே, உங்களில் பலர் இருதரப்பையும் அழைத்துவிட்டு, ‘பொதுத் தகவல் அலுவலர் அளித்த பதில் சரியானதே’ என்று ஒரு வரியில் முடிக்கிறீர்கள். விசாரணை நாளன்று தன்பதிவேடும் பதிவறைப் பட்டியலும் உங்கள் மேசையில் இருக்க வேண்டும். ‘இல்லை’ என்ற பதில் வந்த வழக்கில் முதல் கேள்வி, எந்தப் பதிவேட்டைப் பார்த்தீர்கள் என்பதாக இருக்கட்டும். கொடுக்கச் சொல்லி ஆணையிட்டால் எத்தனை நாளுக்குள் என்று தேதி போடுங்கள். முப்பது நாளில் முடிக்க வேண்டும். காரணத்தை எழுதிவைத்தால் நாற்பத்தைந்து நாள் வரை போகலாம். நீங்கள் மௌனமாக இருந்துவிட்டால், மனுதாரர் தொண்ணூறு நாளுக்குள் ஆணையத்துக்குப் போவார். அங்கே மறுப்பு சரி என்று நிரூபிக்கும் பொறுப்பு, பிரிவு 19(5)இன்படி, மறுத்த பொதுத் தகவல் அலுவலரின் தலையில்தான் விழும்.

இவ்வளவையும் ஒரே நாளில் சரிசெய்யச் சொல்லவில்லை. ஆவணங்களை அட்டவணைப்படுத்தி வைக்கச் சொல்லும் பிரிவு 4(1)(ஏ)இன்கீழ் முதல் வேலையாக இரண்டைச் செய்து தாருங்கள். 2011இல் சேர்ந்த நகராட்சிகளிலிருந்து வந்த கோப்புகள், 2018இல் திருவள்ளூரிலிருந்து வந்த நில ஆவணங்கள் ஆகியவற்றின் ஒப்படைப்புப் பட்டியல்களை, இருக்கிற நிலையிலேயே, குறைகளோடே, மண்டல அலுவலகத்திலும் வட்டாட்சியர் அலுவலகத்திலும் பொதுமக்கள் பார்க்கும்படி வையுங்கள். வார்டு வாரியாகப் பணிப் பட்டியல் ஒன்று வெளியிடுங்கள்: பணியின் பெயர், மதிப்பீட்டுத் தொகை, ஒப்பந்தக்காரர், எம்-புக் எண், பட்டியல் தேதி. இந்த இரண்டும் சுவரில் ஒட்டப்பட்டால் மனு எழுதுபவர் கோப்பின் எண்ணைச் சொல்லியே கேட்பார். நீங்களும் மூட்டைகளைக் கிளறாமல் அந்த எண்ணுக்குரிய கோப்பை எடுத்துத் தர முடியும். பட்டியல்கள் எந்தத் தேதிக்குள் வைக்கப்படும் என்று அலுவலக வாரியாக எழுத்தில் தெரிவிக்குமாறு கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
வடசென்னையில் தகவல் உரிமை மனு எழுத உதவுவோர்